முகம் பார்த்து வாங்கிய தேங்காய்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உயர்நிலை நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பள்ளிக்கூட உணவகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கடைக்குப் போகும்போது எழுதும் சாமான் பட்டியலைத் தவிரத் தமிழில் எதையும் எழுதிப் பல வருடங்கள் ஆகின்றன. நாலு பேர் படத்துக்கு நின்றால் ஐந்தாவதாக அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள். அப்படிப்பட்டவள் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் வீட்டு அறையில் பதினோரு மாதம் வாடகைக்கு இருந்த ஓர் அம்மாவை நாங்கள் வெளியே அனுப்பினோம். அனுப்பாமல் இருக்க ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் நான். அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயரைப் போடவில்லை. அவரைக் கேட்காமல் போடக் கூடாது. கேட்காமல் செய்தவை ஏற்கெனவே போதும்.

எங்கள் மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த அறை சும்மா கிடந்தது. இவர் வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தமிழ்நாட்டுக்காரர், தனி ஆள், ரத்தம் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. இரண்டு பெட்டிகளும் துணியில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்றும் கொண்டு வந்தார்.

"என்னாம்மா அது, துப்பாக்கியா?" என்று என் கணவர் சிரித்தார்.

"இல்லண்ணே" என்று அவரும் சிரித்தார். என்னவென்று சொல்லவில்லை.

அவருடைய குணமே அதுதான். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வரும். கேட்காததைப் பற்றி ஒரு சொல் வராது. எனக்கோ யாரிடமும் எதையும் கேட்கவே வராது. வாய் திறக்காத இரண்டு பெண்கள் ஒரே வீட்டில். நடுவில் என் கணவர், வாயை மூடாதவர். துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து ஜூரோங்குக்கு ஊழியர்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸில் பேசியது போக மீதியை வீட்டில் பேசுவார்.

அந்த அம்மா பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார். முதலில் நெற்றி, பிறகு மூக்கு, பிறகு ஒரு கன்னம். ஏதோ ஒட்டியிருக்கிறதோ என்று நாம் துடைத்துக்கொள்வோம். மின்தூக்கியில் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவை அப்படி மேலும் கீழும் பார்த்ததில், அவர் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் காப்பி குடிக்கும்போது எவர்சில்வர் தம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பாதிக் காப்பி ஆறிவிடும்.

ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போவதாகக் கீழே ஒட்டியிருந்தார்கள். நானே வலியப் போய்ப் பேசிய சில தடவைகளில் அது ஒன்று.

"நாளைக்குக் காலையில தண்ணி வராதாம்" என்றேன்.

"அக்கா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

திரும்பினேன். "தண்ணி வராதாம்."

"ம்ம். இன்னும் கொஞ்சம். அப்படியே இருங்க."

மறுநாள் குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா! தண்ணி வரல! தலையெல்லாம் சோப்பு!" நான் குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வாளியில் ஊற்றிக் கதவுக்கு வெளியே வைத்தேன். நேற்றே சொன்னேனே என்று சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. என் முகத்தில் அப்படி என்ன பார்த்தார், நான் சொன்னது காதில் விழாத அளவுக்கு?

இரண்டாம் மாதம் அறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினார். சாயங்காலங்களில் கதவுக்கு அடியில் பளீரென்று ஒரு வெளிச்சம் வந்து போகும். பிறகு அமைதி. பிறகு மறுபடி பளீர். சமையலறையில் கேக் தட்டுக்குப் போடும் எண்ணெய்த்தாள் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் புதுச் சுருள் அதே இடத்தில் இருந்தது. எடுத்தவர் வாங்கி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. எதற்கு எடுத்தார் என்று தெரியவில்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேறு பிளாக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஆண்கள் சிலர். தலைவாரிச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, ஒருவர் ஒருவராக வருவார்கள். இருபது நிமிடத்தில் போய்விடுவார்கள்.

என் கணவருக்குத் தூக்கம் போயிற்று. "அறைய வாடகைக்கு விட்டோமா, கடை போட விட்டோமா? அதிகாரிங்க வந்து கதவத் தட்டுனா நீதான் பதில் சொல்லணும்."

"நானா?"

"பின்ன? நான் பஸ்ஸுல இருப்பேன் லா."

விளையாட்டாகச் சொன்னாலும் அவர் பயம் நியாயமானதுதான். வாடகைக்கு வந்தவர் அறைக்குள் தொழில் நடத்தினால் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார். எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வீடு. வேலை அனுமதியில் வந்த அந்த அம்மாவுக்கும் ஊருக்கே திரும்ப வேண்டியதாகிவிடும்.

"கேளேன் லா, அந்தம்மாவ."

"நீங்க கேளுங்க."

"பொம்பள ரூமுக்குள்ள என்னா நடக்குதுன்னு நான் போயிக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

இருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால், வாசலில் என் கணவரின் பஸ்ஸில் வரும் வெல்டர். நீலச் சட்டை, விபூதி. என் கணவரைப் பார்த்ததும் அவனுக்கு முகம் செத்துவிட்டது.

"அண்ணே, நீங்க இங்கயா?"

"என் வீட்டுல நான் இல்லாம யாரு இருப்பா? நீ இங்க என்னா?"

"அக்கா வரச் சொன்னாங்க. சும்மா, ஒரு படம்."

"தினம் உனக்காக அம்பது பேரு பஸ்ஸுல காத்துக் கெடக்குறோம். இங்க மட்டும் நேரத்துக்கு வர்றே!"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போய்விட்டான். வெளியே வந்தபோது நான் நீட்டிய தேநீரைக்கூட வாங்கவில்லை. படியில் இறங்கி ஓடினான்.

"கையில ஒண்ணும் இல்ல, பாத்தியா?" என்றார் என் கணவர். "படம் புடிக்க வந்தவன் படம் இல்லாம போறான். அப்ப என்னாத்தப் புடிச்சாங்க?"

அன்றுதான் நான் வேறொன்றைக் கவனித்தேன். அதுவரை வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் நல்ல கறுப்பு. ஒருவர்கூட மாநிறம் இல்லை. கணவரிடம் சொன்னேன்.

"அப்ப நீயும் லிஸ்டுல இருக்கே" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எங்கள் வீட்டிலேயே கறுப்பு. சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். ஒருவர் கறுப்பு முகமாகத் தேடிப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போகிறார் என்றால், அது நல்லதற்கு என்று எனக்குத் தோன்றாது.

தேங்காய் விஷயம் அதற்கு முந்தியதா பிந்தியதா என்று சரியாக நினைவில்லை. தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனபோது அவரும் கூட வந்தார். தேங்காய்க் கடையில் நின்றுவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, திருப்பிப் பார்த்து, கீழே வைத்தார். இருபது தேங்காயாவது இருக்கும்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். "அம்மா, பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு நேரம் பார்க்க மாட்டாங்க. ஆட்டிப் பாருங்க லா, தண்ணி இருக்கான்னு. மூஞ்சியப் பாத்து என்னா தெரியப் போவுது?"

"தண்ணி வேணாம். மூஞ்சிதான் வேணும்" என்றார் இவர்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மீன் கடைப் பக்கம் பார்த்தேன். கடைசியில் வட்டமான, நல்ல அடர்த்தியான நிறத்தில் ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். அந்தத் தேங்காய் எங்கள் சமையலறைக்கு வரவே இல்லை. சில நாட்களில் அறைப் பக்கம் நல்லெண்ணெய் வாசனை அடிக்க ஆரம்பித்தது.

ஏழாம் மாதம் ஒரு மத்தியானம் நல்ல மழை. அவர் வேலைக்குப் போயிருந்தார். ஜன்னலைச் சாத்தத்தான் அறைக்குள் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

விளக்கைப் போட்டேன். அறை நடுவில் என் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு, வந்த அன்று துணியில் சுற்றிக் கொண்டுவந்தது. அதன் உச்சியில் அந்தத் தேங்காய். குடுமி இல்லை, நார் இல்லை. வழவழவென்று தேய்த்து எண்ணெய் தடவி, மேலே லேசாகப் பவுடர் போட்டிருந்தது. தேங்காய்க்குக் கீழே ஒரு சட்டை, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தது. கோடுபோட்ட சட்டை. என் கணவருடையது.

சுவரில் முகங்கள். வெல்டர், வேலைக்காரப் பெண்கள், இன்னும் சிலர். ஓரத்தில் நான், நான்கு முறை. சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன், எங்கோ பார்க்கிறேன். எடுத்ததே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முகத்தின் மேலும் பென்சில் கோடு. மூக்கிலிருந்து ஒரு வளைவு. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், ஒரு முக்கோணம். பக்கத்தில் எண்கள்.

செய்வினைக்கு முக்கோணத்துக்குள் எண் எழுதித் தகட்டில் மடித்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் சித்தி வீட்டு வாசலில் அப்படி ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு சித்தப்பா எழுந்து நடக்கவில்லை. படங்களைத் தொடப் பயமாக இருந்தது. சட்டையைக் கழற்றவும் பயம். தேங்காயை மட்டும் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு எம்.ஆர்.டி. ரயில் ஏறினேன். சிராங்கூன் சாலையில் இறங்கிக் கோவிலுக்குப் போனேன்.

தேங்காய் உடைக்கும் இடத்தில் நின்ற பெரியவர் பையைப் பார்த்தார். "என்னாம்மா, எண்ணெய் தடவியிருக்கு?"

"வேண்டுதல்" என்றேன்.

பொய் சொன்ன வாய் மூடுவதற்குள் உடைத்துவிட்டேன். உள்ளே முழுக்க அழுகல். நாற்றம் குப்பென்று வந்தது. பெரியவர் இரண்டு அடி பின்னால் போனார். "வீட்டுக்குப் போயி விளக்கேத்துமா" என்றார். நாலைந்து மாதம் எண்ணெயோடு அறையில் கிடந்த தேங்காய் அழுகாமல் என்ன செய்யும் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

அன்றே கணவரிடம் சட்டையைப் பற்றியும் முக்கோணத்தைப் பற்றியும் சொன்னேன். தேங்காயை எடுத்ததைச் சொல்லவில்லை. இப்படியெல்லாம் நம்பாதே என்று எனக்கு எப்போதும் சொல்பவர் அவர். "எஞ் சட்டையா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் அந்த அம்மா என்னிடம் வந்தார். "அக்கா, என் தேங்காயப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"ஸ்டாண்டுல இருந்துச்சு. காணோம்." என் முகத்தைப் பார்த்தார். நெற்றி, மூக்கு, கன்னம். பிறகு "சரிக்கா" என்று போய்விட்டார். ஒருவேளை அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகும் நான்கு மாதம் இருந்தார். அந்த நான்கு மாதமும் அவர் தொட்ட தம்ளரை நான் தனியாகக் கழுவினேன். அவர் சமையலறைக்கு வந்தால் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது என் கணவர், மகள் திரும்பி வருகிறாள், அறை வேண்டும் என்று பொய் சொன்னார்.

"சரிண்ணே. எந்தத் தேதி?" என்றார் அவர். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. எங்களைப் போலவே.

அந்தக் கடைசி வாரம் சாப்பிடும்போது என் கணவர் ஒன்று சொன்னார். "அந்த வெல்டர் பய இப்பல்லாம் முதல் ஆளா பஸ்ஸுல ஏறி உக்காந்துடுறான். ஆறேழு மாசமாவே அப்படித்தான். என்னா மந்திரம்னு தெரியல." மந்திரம் என்றதும் நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டிகள் கட்டியாயிற்று. அந்த அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரே ஒரு படம். நாளைக்குப் போயிடுவேன்."

மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வராது. போனேன். அறைக் கதவைத் திறந்தே வைத்தேன். ஹாலில் என் கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டால் வந்துவிடுவார்.

ஸ்டூலில் உட்காரச் சொன்னார். குளியலறைத் திரை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் விளக்கு வைத்திருந்தார். விளக்கின் முகத்தில் என் எண்ணெய்த்தாள். சுவரில் படங்கள் இன்னும் இருந்தன. எதிரே என் கன்னத்து முக்கோணம். பதினோரு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"இந்த முக்கோணம் எதுக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தார். கேட்பேன் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"அதுவாக்கா? விளக்க ஒரு பக்கமா வச்சா, மூக்கு நிழல் இந்தக் கன்னத்துல விழும். விழுந்தாலும் கண்ணுக்குக் கீழ ஒரு துண்டு வெளிச்சம் மிஞ்சணும். அதுதான் முக்கோணம். அது வந்தா முகத்துக்கு உருவம் வந்துடும். நம்பரு, விளக்கு எவ்வளவு தூரத்துல இருந்துச்சுன்னு."

"இத எங்க படிச்சீங்க?"

"வீடியோ பாத்துத்தான். ஆனா அதுல உக்காந்திருக்கிற பொண்ணுங்க எல்லாம் வெள்ளைத் தோலு. நம்ம நிறத்துக்கு அதே மாதிரி வச்சா வரல. குறைச்சா கண்ணும் பல்லும்தான் தெரியுது. கூட்டுனா சாம்பல் பூசுன மாதிரி ஆயிடுது." விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினார். "எங்க ஆய்வகத்துல முகத்தப் பாத்துக் கதவு திறக்குற மிஷினு வச்சாங்க. எனக்குத் திறக்கவே இல்ல. தினம் காவலாளி வந்து, அட்டையப் பாத்து, என்னையப் பாத்து, திறந்து விடுவாரு. மூணு மாசம், திருட வந்த மாதிரி நின்னேன். அவங்க எடுத்து வச்ச படத்துல என் மூஞ்சியே இல்லக்கா, ஒரே இருட்டு. சரி, நாமளே எடுத்துக் குடுப்போம்னு ஆரம்பிச்சேன். குடுத்தேன். திறந்துடுச்சு."

"வெல்டர்?"

"அவனுக்கும் விடுதி வாசல்ல அதே கதைதான். தினம் அரை மணி நேரம் நிக்க வைப்பாங்களாம். வேலைக்காரப் பொண்ணுங்க வந்தது வேற. ஊருக்கு அனுப்ப ஒரு நல்ல படம் வேணும்னாங்க."

"யார்கிட்டயாவது..." எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நிறுத்தினேன்.

அவருக்குப் புரிந்தது. "ஒண்ணும் வாங்கல அக்கா. எனக்கு முகம் வேணும், அவங்களுக்குப் படம் வேணும். போன்லதான் அனுப்புவேன். நீங்க கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."

மடிக்கணினியைத் திறந்து காட்டினார். தேங்காய், வரிசை வரிசையாக. முதல் படங்களில் அது ஒரு கறுப்புக் கல். போகப் போக வளைவு தெரிந்தது, பிறகு தேய்த்த இடம், தேய்க்காமல் விட்ட இடம், ஒவ்வொரு வரியும். "ஆளுங்க ஞாயித்துக்கிழமைதான் வருவாங்க. மத்த நாள் இதுதான் எனக்கு ஆளு. ஒரே முகத்துல பழகுனாத்தான் நாம முன்னேறுறோமான்னு தெரியும். நம்ம தோலு மாதிரி மினுங்கணும்னு எண்ணெய். காலர் இல்லாம கழுத்து எங்கன்னு தெரியல, அதான் பழந்துணிப் பையிலேருந்து அண்ணன் சட்டை." கடைசிப் படத்தில் விரலை வைத்தார். "இங்கதான் புரிய ஆரம்பிச்சுது. அப்புறம் காணாமப் போயிடுச்சு. வேற தேங்காய் வாங்கினேன், அது இந்த நிறம் இல்ல."

நான் தலை குனிந்தேன்.

"குனியாதீங்க அக்கா, நிழல் விழுது" என்றார்.

சட்டென்று விளக்கு பளீரிட்டது. இரண்டு, மூன்று தடவை. கேமராவைத் திருப்பிக் காட்டினார். என் அடையாள அட்டையில் இருப்பவளையும் மகள் கல்யாண ஆல்பத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் நிற்பவளையும் எனக்குத் தெரியும். இது அவர்கள் இல்லை. என் நிறம் என் நிறமாகவே இருந்தது. கன்னத்தில் அந்தத் துண்டு வெளிச்சம். கொஞ்சம் பயந்த முகம், ஆனால் என் முகம்.

"அனுப்பட்டுமா?"

"வேணாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஒன்று உறுத்தியது. சுவரைக் காட்டினேன். "இதெல்லாம் என்னையக் கேக்காம ஏன் எடுத்தீங்க?"

"கேட்டா ஒளிஞ்சிடுவீங்க."

"அழிச்சிடுங்க."

"சரிக்கா" என்று கணினியில் எதையோ அழுத்தினார். அழித்தாரா என்று எனக்குத் தெரியாது. இன்றும் சில நாள், எங்கோ யாரோ என் முகத்தில் பென்சிலால் கோடு போடுகிறார்கள் என்று தோன்றும்.

ஹாலுக்கு வந்தேன். கணவர் நிமிர்ந்து பார்த்தார். இப்போது சொன்னால் அவர் கேட்பார். அந்த வெல்டர் கதை ஒன்றே போதும், அந்த அம்மா கையைப் பிடித்து இருக்கச் சொல்லிவிடுவார், மனசு அப்படி. ஆனால் சொன்னால் முழுவதும் சொல்ல வேண்டும். ஆள் இல்லாத அறைக்குள் போனதை, எடுத்ததை, உடைத்ததை, பார்க்கவில்லை என்று அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னதை. அறைக் கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மாவுக்கும் கேட்கும்.

"என்னா?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல."

"எல்லாம் கட்டிட்டாங்களா?"

"ம்."

அவர் மறுபடி செய்தி பார்த்தார். நான் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாடகை வண்டி வந்தது. என் கணவர் பெட்டிகளைக் கீழே இறக்கிக் கொடுத்தார். பதினோரு மணிக்கு அறை பார்க்க ஒருவர் வந்தார். சமைப்பீர்களா என்று என் கணவர் கேட்டார். சமைக்க மாட்டேன் என்றார்.